மே மாதப் பனியில் எட்டு நாகுகள்

பரணில் புல் முடியப்போகிறது என்று, ஏதோ புதினம் கொண்டுவந்தவன்போல ஓடிப்போய்ச் சொன்னேன். பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே தலையாட்டினார். அவருக்குத் தெரியாதா என்ன? ஒவ்வொரு மாட்டுக்கும் போடும் காய்ந்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தவரே அவர்தான். எனக்குத்தான், ஏறிப் பார்த்த இடத்தில் பரணின் பலகை தெரிந்தது அதிசயமாக இருந்தது.

அக்கா என்று எங்களுக்குள் நாங்கள் சொன்னது அந்தப் பண்ணையின் வீட்டுக்காரியை. முகத்துக்கு நேரே, அம்மணி என்பதுபோல, ‘ஃப்ராவ்’ என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயதிருக்கும். ‘நாங்கள்’ என்றால் நானும், மன்னாரில் பஸ் கொண்டக்டராக இருந்த ஓர் அண்ணையும். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் அகதி விண்ணப்பங்கள் அந்த நாட்டின் தலைநகரான பேர்ணில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தன. வேலை செய்யலாம் என்று அனுமதி கிடைத்தவர்களில் அநேகம் பேர் உணவகச் சமையலறைகளுக்குப் போனார்கள். எங்கள் இருவரையும் மலையடிவாரத்தில் இருந்த ஒரு மாட்டுப் பண்ணைக்கு அனுப்பினார்கள். பேர்ணிலிருந்து தெற்கே ரயில், அதன் பிறகு வளைந்து வளைந்து ஏறும் மஞ்சள் போஸ்ட் பஸ். அண்ணை அந்த பஸ்ஸில் ஏறியதும் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கொண்டக்டர் இல்லாத பஸ்ஸை நம்பி எப்படி உயிரைக் கொடுப்பது என்று கேட்டார். இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

நான் பொறியியல் முதலாம் வருடத்தை அரைகுறையில் விட்டுவிட்டு வந்தவன். எதைக் கண்டாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது. பால் கறக்கும் மெஷினைக் கழற்றிப் பூட்டினேன். மின்சார வேலி எத்தனை நொடிக்கு ஒருமுறை அடிக்கிறது என்று புல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். அந்த ஊர்க்காரர் பேசும் பேர்ண் ஜெர்மனை மாடுகளிடம் பேசிப் பழகினேன். அண்ணை பார்த்துக்கொண்டே இருப்பார். “உந்தப் பசுவுக்கும் டியூஷன் குடுக்கிறியோ தம்பி? அதுவாவது பாஸ் பண்ணட்டும்” என்பார். அவருக்கு மாடுகளில் அவ்வளவு ஆசையில்லை. ஆனால் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவருடைய வேலையாகிவிட்டது. பசுக்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் நேரத்தில் கொட்டில் வாசலில் நின்று, பலகையில் இரண்டு தட்டுத் தட்டி, “ரைட், போகலாம்” என்பார். அவையும் போகும்.

ஏப்ரல் கடைசியில் அக்காவின் புருசன் இராணுவப் பயிற்சிக்குப் போனார். அங்கே ஆண்களுக்கு வருடா வருடம் அப்படிச் சில கிழமை உண்டு. அலுமாரிக்குள் இருந்த துவக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, போஸ்ட் பஸ்ஸுக்குக் காத்து நின்றார். ஆமி என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரிந்தது வேறு விதமாக. அண்ணை பஸ் தரிப்பைப் பார்த்தபடி, இந்த நாட்டு ஆமி டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறது என்று மெல்லச் சொன்னார். இருவரும் சிரித்தோம். ஆனாலும் பஸ் திருப்பத்தில் மறையும்வரை நாங்கள் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை.

ஆக, பண்ணை அக்காவின் கையில். அதைக் கண்காணிக்க ஒருவர் இருந்தார். அந்த ஊர்களில், மகன் பண்ணையைப் பொறுப்பெடுத்ததும் தாய் தகப்பன் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டுக்கு மாறிவிடுவார்கள். அந்த வீட்டுக்கு ஸ்டொக்லி என்று பெயர். அக்காவின் மாமனார் அதற்குள் தனியே இருந்தார். பொறுப்பைக் கொடுத்துவிட்டார், ஜன்னலைக் கொடுக்கவில்லை. கொட்டிலுக்குள் யார் போகிறார், எப்போது வெளிச்சம் எரிகிறது என்பதெல்லாம் அந்த ஜன்னலுக்குத் தெரியும்.

புல் முடிந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பண்ணையில் இருந்தது. ஆனால் தன் காலத்தில் அந்த வீட்டிலிருந்து யாரும் புல் கேட்டு இன்னொரு வாசலுக்குப் போனதில்லை என்பது கிழவரின் பெருமை. அக்கா வேறு வழி பார்த்தார். எட்டு நாகுகள் இருந்தன, இன்னும் ஈனாத இளம் பசுக்கள், முதல் கன்று சுமந்துகொண்டு. அவற்றை மேய்ச்சலுக்கு மேலே கொண்டுபோய் விட்டுவிட்டால், மிச்சமிருக்கும் புல் பால் மாடுகளுக்குக் காணும். காட்டுக்கு மேலே, அரை மணி ஏற்றத்தில், அவர்களுக்கு ஒரு வசந்தகாலப் புல்வெளியும் கொட்டிலும் இருந்தன. நாங்கள் அதை மேல் கொட்டில் என்போம்.

கிழவர் வேண்டாம் என்றார். பனிப் புனிதர்கள் கழியட்டும் என்றார். மே நடுவில் சில புனிதர்களின் நாட்கள் அடுத்தடுத்து வருமாம். அவை போகும்வரை குளிர் ஒருமுறை திரும்பிப் பார்க்குமாம். அதற்கு முன் மாட்டை மேலே விடுவது புத்தியில்லையாம். நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அண்ணைக்குப் பெரிய பகிடியாகிவிட்டது. அவர் கத்தோலிக்கர், கழுத்தில் செபமாலை போட்டிருப்பவர். “எங்கட பக்கம் மழை வேணும் எண்டு புனிதரின்ர சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுத்துவம். இஞ்ச அவரே குளிரைக் கொண்டு வாறாரோ? இடம் மாறினதும் ஆளும் மாறிப்போனார்” என்றார்.

ஆனாலும் அக்கா சொன்னபடி அடுத்த நாள் காலை எட்டு நாகுகளையும் மேலே ஓட்டிப்போனோம். ஏற்றம் முழுக்க நல்ல வெயில். செர்ரி மரங்கள் பூத்திருந்தன. முன்னால் போனது, ஒரு கொம்பு உள்நோக்கி வளைந்த நாகு. தாய் செத்துப்போனதால் அக்கா வாளியில் பால் வைத்து, விரலைச் சூப்பக் கொடுத்து வளர்த்தது. மற்ற ஏழுக்கும் அதுதான் தலைவி. அக்கா பாடிக்கொண்டே நடந்தார். புருசன் இல்லாமல், மாமனாரை மீறி அவர் எடுத்த முதல் முடிவு அது என்று எனக்கு அப்போதே விளங்கியது. அந்த எட்டும் பிழைத்தால் அது அவருடைய பண்ணை. ஏதாவது நடந்தால், ஸ்டொக்லி ஜன்னல் அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு கிழமைகூட ஆகவில்லை. அன்று காலை, தெற்கேயிருந்து வரும் சூடான மலைக்காற்று அடித்தது. எதிர்மலை கைநீட்டினால் தொடலாம்போலக் கிட்ட வந்துவிட்டது. அண்ணை சட்டையைக் கழற்றிவிட்டு எரு அள்ளினார். நான் சுவரில் தொங்கிய காற்றழுத்தமானியைத் தட்டிப் பார்த்தேன். முள் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சந்தோசத்தை என்னென்பது! புத்தகத்தில் படித்தது சுவரில் நடக்கிறதே என்று நான் அக்காவை இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முள்ளைப் பார்த்தார், வெளியே பார்த்தார், சப்பாத்தை மாட்டினார்.

மத்தியானத்துக்குள் காற்று நின்றது. பிறகு மற்றப் பக்கத்திலிருந்து அடித்தது. முதலில் மழை, அதற்குள் ஏதோ வெள்ளையாக, பிறகு முழுவதும் வெள்ளை. நான் அந்த நாட்டில் ஒரு குளிர்காலத்தைக் கண்டவன். ஆனால் ஜனவரிப் பனி மாவுபோல, ஊதினால் பறக்கும். இது ஈரப் பனி. விழுந்த இடத்தில் அப்பிக்கொண்டது. இலை விட்டிருந்த மரங்கள் அதைத் தாங்கத் தெரியாமல் தாங்கிக்கொண்டு நின்றன. பூத்த செர்ரி எது, பனி எது என்று தெரியவில்லை.

நாங்கள் மூவரும் டிராக்டரில் புறப்பட்டோம். கிழவர் ஸ்டொக்லி வாசலுக்கு வந்து, மாடுகள் காட்டோரம் ஒதுங்கிக்கொள்ளும், விடு என்று கத்தினார். அக்கா கேட்காததுபோல கியரைப் போட்டார். காட்டுக்குள் ஒரு திருப்பத்தில் டிராக்டர் சறுக்கி நின்றது. அதற்குப் பிறகு நடை. கிளைகள் முறியும் சத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது, ஒற்றை வெடிபோல. முதல் சத்தத்துக்கு நானும் அண்ணையும் ஒரே நேரத்தில் குந்திவிட்டோம். அக்கா திரும்பிப் பார்த்தார், நாங்கள் எழும்பும்வரை பொறுத்தார், பிறகு நடந்தார்.

மேலே வேலி படுத்துக் கிடந்தது. பனியின் பாரத்தில் கம்பி நிலத்தில் ஒட்டி, மின்சாரம் செத்துப்போயிருந்தது. நாகுகளைக் காணவில்லை. காற்று அடித்தால் மாடு அதற்கு முதுகைக் கொடுத்து, அது தள்ளுகிற பக்கமாக நடந்துகொண்டே போகும். அந்தப் பக்கத்தில் ஓர் ஓடை, ஆழமான பிளவுக்குள். அக்கா ஓடினார். நாங்கள் அவருடைய அடிச்சுவட்டுக்குள் காலை வைத்து ஓடினோம். பிளவின் விளிம்புக்குக் கிட்ட எட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. முதுகெல்லாம் பனி, கண்ணிமையில் பனிக்கட்டி. அக்கா பையிலிருந்து உப்பும் தவிடும் கலந்த பிடியை எடுத்து நீட்டி, வழக்கமாகக் கூப்பிடும் ‘ஸே, ஸே, ஸே’ என்ற குரலை எடுத்தார். குரல் உடைந்துபோய் வந்தது. வளைந்த கொம்புக்காரி தலையைத் தூக்கினாள். அவள் வர, மற்றவை வந்தன.

எட்டையும் மேல் கொட்டிலுக்குள் கொண்டுவந்து சேர்த்தபோது எனக்கு விரல்கள் இருக்கும் இடம் தெரியவில்லை. கொட்டில் என்றால் கல்லும் மரமும் சேர்த்த பழைய கட்டடம். ஒரு பாதியில் மாடு, மறு பாதியில் அடுப்பும் கட்டிலும் உள்ள சிறு அறை. மாட்டுப் பகுதியில் நடுவே ஓர் ஒடுங்கிய வழி, இருபுறமும் நான்கு நான்கு இடம், ஒவ்வொன்றுக்கும் கழுத்துச் சங்கிலி. அக்கா ஒவ்வொன்றாகக் கட்டினார். பிறகு என் தோளைப் பிடித்து, மொழிபெயர்த்துச் சொல் என்றார். தான் கீழே போகவேண்டும், பால் மாடுகள் கறவைக்கு நிற்கின்றன, மடி பொறுக்காது. நாங்கள் இங்கேயே நிற்கவேண்டும். கூரையில் பனி ஏற ஏறத் தள்ளவேண்டும். சங்கிலியை மட்டும் கழற்றவே கூடாது. இந்த ஒடுக்கத்துக்குள் கொம்புள்ள மாடுகள் அவிழ்ந்து நின்றால் ஒன்றையொன்று குத்திக் கிழித்துவிடும், கதவை உடைத்துக்கொண்டு வெளியே போய்விடும். நான் சொல்லச் சொல்ல அண்ணை தலையாட்டினார். அக்கா தனியே கீழே இறங்கிப் போனார். சற்று நேரத்தில் அவர் போன சுவட்டையும் பனி மூடிவிட்டது.

கொட்டிலின் பின்பக்கம் சரிவோடு ஒட்டியிருந்ததால் கூரையில் ஏறுவது லேசு. மாறி மாறி ஏறித் தள்ளினோம். ஒரு பக்கம் தள்ளி முடிக்க மறுபக்கம் நிறைந்திருக்கும். காற்று வலுத்தபோது ஏணியில் நிற்கவும் முடியவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினோம். கூரை முனகத் தொடங்கியது.

நான் விட்டத்தைப் பார்த்தேன். ஈரப் பனியின் நிறை, கூரையின் அகலம், விட்டத்தின் தடிப்பு, எல்லாவற்றையும் வாயால் கணக்குப் போட்டு, இது இன்னும் இரண்டு மடங்கு தாங்கும் என்று அண்ணைக்கு அறிவித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தது என்னையல்ல. நாகுகள் கால் மாற்றி நின்றன. சங்கிலிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுங்கின.

“அவிட்டு விடுவம்” என்றார் அண்ணை.

“அவ என்ன சொல்லிப்போட்டுப் போறா, நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“அவ சொன்னது விளங்கினது. எனக்கும் ஒண்டு விளங்கும். காத்தும் மழையும் பிடிச்சா முதல் மாட்டை அவிட்டு விடுறது. பிறகுதான் பிள்ளையளைத் தூக்கிறது. அது தன்ர உயிரைத் தான் பார்க்கும்.”

“இது புயல் இல்லை அண்ணை, ஸ்னோ. அவிட்டா குத்துப்படும். வெளியில போனா விறைச்சுச் சாகும்.”

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, சுவரில் சாய்ந்தபடி, என்னிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவர் சின்னப் பெடியனாக இருந்தபோது ஒரு புயல். கடல் ஊருக்குள் வந்தது. தகப்பன் முதல் வேலையாகத் தங்கள் மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டார். பக்கத்து வளவுக்காரர் மழை விட்டுவிடும் என்று நினைத்துக் கட்டியே வைத்தார். விடிய, தண்ணீர் வற்றிய பிறகு, அந்த மாடுகளை இழுத்துப் புதைக்க ஊர் சேர்ந்தது. மெல்லிய விரல் என்று இவரைக் கூப்பிட்டார்கள், கயிற்றை அறுக்க.

“கயிறு கழுத்துக்குள்ள போட்டுது தம்பி. கத்தி வைக்க இடமில்லை” என்றார். “கட்டோட ஒரு சீவனைச் சாக விட்டிட்டு நான் இஞ்ச நிக்கமாட்டன்.”

எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. எது எது என்று பிரிக்க நேரமில்லை. என் கணக்கு சரி, அக்காவின் கட்டளை தெளிவு, ஆனால் கூரை இரண்டுக்கும் கீழ்ப்படிகிற மாதிரித் தெரியவில்லை. கடைசியில் நாங்கள் செய்தது, நினைத்தால் இன்றைக்கும் விசித்திரமாக இருக்கிறது. பங்கு பிரித்தோம். வலது வரிசை அவருக்கு, இடது வரிசை எனக்கு. அவருடைய நான்கையும் அவர் அவிழ்த்தார். என்னுடைய நான்கும் கட்டியபடியே நின்றன. வளைந்த கொம்புக்காரி அவருடைய பக்கம்.

அவிழ்ந்த நான்கும் உடனே குத்துப்படவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. பிறகு வாசல் பக்கமாக நெருங்கி, ஒன்றின் முதுகில் ஒன்று தாடையை வைத்துக்கொண்டன. அண்ணை அவற்றின் நடுவே நின்று தட்டிக்கொடுத்தார். அவர் உதடு அசைந்தது. செபமாக இருக்கலாம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தபோது மேலே ஒரு முறிவு கேட்டது. கூரையல்ல. கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற ஊசியிலை மரத்தின் தலை. நான் பனியின் பாரத்தைத்தான் கணக்கில் எடுத்திருந்தேன், மரத்தை எடுக்கவில்லை. அது வந்து விழுந்தது வலது மூலையில். ஓட்டுப் பலகையும் கைமரமும் ஒரு வண்டிப் பனியும், சற்று முன்னர் இரண்டு நாகுகள் கட்டி நின்ற இடத்தின் மேல் இறங்கின. விளக்கு அணைந்தது. திறந்த கூரையால் காற்று உள்ளே வந்தது.

பிறகு நடந்தது எல்லாம் சத்தம். கட்டவிழ்ந்தவை கதவை இடித்தன. தாழ்ப்பாள் கழன்று நான்கும் வெளியே பாய்ந்தன. நான் என் வரிசைக்குப் பாய்ந்து சங்கிலிகளைக் கழற்றப் பார்த்தேன். விரல் மடியவில்லை, கொக்கி பனியில் பிடித்திருந்தது, நாகு பின்னால் இழுக்க இழுக்க அது இறுகியது. அண்ணை சொன்ன கயிறு அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒன்றையும் கழற்ற முடியவில்லை. என் பக்கத்துக் கூரை விழவுமில்லை. அவ்வளவுதான் காரணம், என்னுடைய நான்கும் பிழைத்ததற்கு.

அண்ணை வெளியே ஓடினார். அவருடைய குரல் கேட்டது. மாடு கூப்பிடும் குரலல்ல, ஓடத் தொடங்கிய பஸ்ஸை நிறுத்தும் கொண்டக்டரின் குரல். அந்தக் காற்றிலும் அது கேட்டது. மூன்று நாகுகள் சுவரின் மறைவில் நின்றிருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டுவந்து, வேறு இடமில்லாமல், கட்டில் இருந்த சிறு அறைக்குள் தள்ளினார். நான்காவது இல்லை. காற்று போன பக்கம் போய்விட்டது. அவர் இரண்டு தரம் அதன் பின்னால் போனார். இரண்டாந் தரம் நான் அவருடைய இடுப்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டுவந்தேன்.

அன்று எங்களுடன் அடுப்பைச் சுற்றி மூன்று நாகுகள் நின்றன. மேலிலிருந்து ஆவி பறந்தது. ஒன்று கட்டிலின் மெத்தையை மணந்து பார்த்து நக்கியது. வேறொரு நாளாக இருந்தால் அண்ணை அதற்கு ஏதாவது டிக்கெட் கிழித்திருப்பார். அன்று அடுப்புக்குள் விறகைத் தள்ளினார்.

விடிந்தபோது வானத்தில் ஒரு மேகமும் இல்லை. கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். கூரை விளிம்பெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா வந்துகொண்டிருப்பதைத் தூரத்திலேயே கண்டேன். பின்னால், தடியை ஊன்றி ஊன்றி, கிழவர்.

அக்கா முதலில் எண்ணினார். பிறகு எங்களைத் தாண்டிப் பிளவுப் பக்கம் போனார். நாங்களும் போனோம். வளைந்த கொம்பு மட்டும் பனிக்கு வெளியே தெரிந்தது. நேற்று எட்டையும் இழுத்து மீட்ட அதே இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஓடையில். அக்கா இறங்கிப்போய்க் கையுறையைக் கழற்றிவிட்டுக் கொம்பைப் பிடித்து, முகத்தை மூடியிருந்த பனியைத் துடைத்தார். அதன் வாய்க்குள் விரலை வைத்து எடுத்ததுபோல எனக்குத் தோன்றியது. சரியாகப் பார்க்கவில்லை. நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

திரும்பி வரும்போது கிழவர் கொட்டிலுக்குள் நின்றார். விழுந்த கைமரத்தைப் பார்த்தார், அதன் கீழே எந்த இடம் என்று பார்த்தார். பிறகு தொங்கும் சங்கிலிகளைக் கையில் எடுத்தார். அறுந்தவையல்ல, கழற்றியவை. யார் அவிழ்த்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அக்கா எனக்கு முன்னர் சொல்லிவிட்டார், “நான்.”

கிழவர் அவரைப் பார்த்தார். முதல்நாள் பின்னேரம் அக்கா கீழே பால் கறந்துகொண்டிருந்ததை அந்த ஜன்னல் பார்த்திருக்கும் என்பது மூவருக்கும் தெரியும். அவர் சங்கிலியை மெதுவாகச் சுவரில் சாத்தினார். தடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் ஏழு நாகுகளுடன் நாங்கள் கீழே வந்தபோது, பக்கத்துப் பண்ணையின் வண்டி புல்லுடன் முற்றத்தில் நின்றது. கிழவர்தான் போய்க் கேட்டிருக்கிறார். வண்டிக்குப் பக்கத்தில், யாரையும் பார்க்காமல், கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அக்கா புல் வாரும் கவையை எடுத்து வந்து புல்லை இறக்கத் தொடங்கினார்.

பால் கேன் கழுவும் இடத்தில் அண்ணை என்னைப் பிடித்தார்.

“காலமை கிழவரிட்ட அவ என்ன சொன்னவ?”

“தான் அவிட்டதாம்.”

“ஏனாம்?”

“உங்களைக் காப்பாத்தத்தான் அண்ணை. கிழவர் காலமை பின்னேரம் சீஸ் ஆலைக்குப் பால் கொண்டு போறவர். அங்க ஒரு கதை விழுந்தா ஊர் முழுக்கப் போகும். ‘தமிழன் மாட்டை அவிட்டுச் சாக்காட்டினான்’ எண்டு பேர்ணில ஃபைல் பாக்கிறவன் வரைக்கும் போகும்.”

அவர் கேனைக் கவிழ்த்து வைத்தார். “அப்ப நான் செய்தது பிழை எண்டு அவவும் முடிவெடுத்திட்டா. பிழை இல்லாதவனை ஏன் காப்பாத்த வேணும்?”

நான் அவருக்கு விளக்கினேன். நிறைய விளக்கினேன். அவிழ்த்ததால் ஒன்று போனது, அவிழ்க்காவிட்டால் கைமரத்தின் கீழ் குறைந்தது இரண்டு போயிருக்கும் என்றேன். அது எனக்கு ஒரு நல்ல கணக்காகத் தெரிந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அது உன்ர கணக்கு” என்றார். “அந்தக் கொம்புக்காரி என்ர கையாலதான் வெளியில போனவ.”

அடுத்த நாளிலிருந்து அண்ணை சங்கிலியைத் தொடுவதை விட்டுவிட்டார். எரு அள்ளுவார், பால் சுமப்பார், கூரைக்குப் பலகை தூக்குவார். மாடு அவிழ்க்கும் நேரத்தில் மட்டும் கொட்டிலுக்குள் இருக்கமாட்டார். நான் அவிழ்த்தேன், நான் கட்டினேன். வாசலில் நின்று ‘ரைட், போகலாம்’ சொல்ல ஆளில்லை. அக்கா கவனித்தார். அவருக்கும் எதுவும் இலகுவாக இல்லை. வளைந்த கொம்புக்காரியின் இடத்தில் புல் போடக் கை நீட்டிவிட்டு அப்படியே நிற்பதை நான் கண்டிருக்கிறேன். புருசனிடம் டெலிபோனில் கதைக்கும்போது பனி, கூரை, புல் எல்லாம் சொன்னார். யார் அவிழ்த்தது என்று அவர் கேட்டாரா, இவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

பனிப் புனிதர்கள் தங்கள் நாளுக்கு வந்தார்கள். அன்று காலை கொட்டில் கதவைத் திறந்தபோது மெல்லிதாகப் பனி தூவிக்கொண்டிருந்தது. நிலத்தில் விழுந்ததும் கரைகிற பனி. ஆனாலும் அக்கா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணை வழக்கம்போல நழுவப் பார்த்தார். அக்கா அவரை மறித்தார். என்னைக் கூப்பிட்டு, ஒரு கேள்வி கேள் என்றார். உங்கள் ஊரில் எப்போது அவிழ்ப்பீர்கள், எதைப் பார்த்துத் தீர்மானிப்பீர்கள்?

குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையிலேயே அவருக்கு அது தெரியவேண்டியிருந்தது.

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அக்காவின் முகத்தை நேரே பார்த்துச் சொன்னார்.

“பயந்தவன் அவிப்பான். பயப்பிடாதவன் கட்டி வைப்பான். ரெண்டு பேரின்ர மாடும் செத்திருக்கு. அதைச் சொல்லு அவவுக்கு.”

என்னால் முடிந்த ஜெர்மனில் சொன்னேன். சொல்லும்போதே, பாதிதான் போய்ச் சேருகிறது என்று தெரிந்தது. அக்கா கேட்டார். பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையைக் காட்டி, வரிசையைக் காட்டி, அண்ணைக்கு விளங்குகிற ஒரே சொல்லாக, “வாசர்” என்றார். தண்ணீர். அதை என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னார்.

அண்ணை சங்கிலிகளைப் பார்த்தார். பிறகு கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். பால் மாடுகளின் சங்கிலிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவை பழகிய வழியால் வெளியே போயின. அடுத்து நாகுகள். முதலாவது வாசலில் நின்றுவிட்டது. மூக்கை நீட்டி, விழும் பனியைப் பார்த்து, முன்னங்காலைப் பின்னுக்கு எடுத்தது. அதன் பின்னால் மற்ற ஆறும் முட்டிக்கொண்டு நின்றன.

தள்ளு என்று நான் சொல்ல வந்தேன். அண்ணை தள்ளவில்லை. பலகையில் தட்டவுமில்லை. தானே வாசலைத் தாண்டி, பனிக்குள் இரண்டடி போய், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொட்டியைப் பார்த்தபடி நின்றார். அவருடைய தலைமயிரில் பனி விழுந்து கரைந்தது. நானும் அக்காவும் உள்ளே நின்றோம். அந்த நாகு என்ன செய்யப் போகிறது என்று மூவரும் காத்துக்கொண்டிருந்தோம்.